விண்பதியத்தில் வேர் ஏன் மேல் விளிம்பிலேயே வருகிறது? – ஆக்சின் குறித்த விவாத இழை

கொய்யாத்தோப்பு (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். பழநிக்கு அருகே ஆயக்குடிப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொய்யாத் தோப்பு இருக்கிறது. கன்றுகளை வெளியில் வாங்காமல் நாங்களே விண்பதியம் போட்டு எடுத்துக்கொள்வது வழக்கம். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வட்டமாக உரித்து, நனைத்துப் பிழிந்த பாசியை அதன்மீது பொதிந்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டிவிட்டால், மழைக்காலத்தில் ஏழெட்டு வாரங்களில் வேர் வந்துவிடும். இந்த முறை கட்டைப் பிரித்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்று என்னை உறுத்தியது. வேர்கள் அத்தனையும் உரித்த இடத்தின் மேல் விளிம்பிலிருந்தே, அதாவது கிளை நுனியை ஒட்டிய விளிம்பிலிருந்தே கிளம்புகின்றன. தாய்மரத்தை ஒட்டிய கீழ் விளிம்பில் ஒரு வேர்கூட இல்லை. கடையில் வாங்கிய வேர்த்தூளை நான் இரண்டு விளிம்புகளிலும் ஒரே அளவாகப் பூசியிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே மரம், அதே பட்டை, அதே தூள், இடையில் ஓர் அங்குலம்தான் தூரம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வயல்வரப்பு:

இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை ஐயா. இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பட்டையை உரித்துவிட்டால் அது மேல் விளிம்பில் வந்து தேங்குகிறது; தேங்கிய இடத்தில் வேர் பிடிக்கிறது. கீழ் விளிம்புக்கு உணவு வரும் வழி அடைபட்டுவிட்டதால் அங்கே வேர் இல்லை. ஹார்மோன், தூள் என்பதெல்லாம் கடைக்காரர்களின் வியாபாரம். எங்கள் தாத்தா எந்தத் தூளும் இல்லாமல் மாட்டுச் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பியே பதியம் போட்டவர்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

வயல்வரப்பு ஐயா சொன்னதில் பாதி முற்றிலும் சரி. வளையமாகப் பட்டையை உரிக்கும்போது, உணவைக் கீழே கொண்டுசெல்லும் புளோயம் என்ற திசு அறுபடுகிறது. சர்க்கரை மேலே தேங்குகிறது. வேர் வளர அந்தச் சர்க்கரை கட்டாயம் வேண்டும். ஆனால் ‘இங்கே வேராக மாறு’ என்று ஒரு செல்லுக்குச் சொல்வது சர்க்கரை அன்று. அந்தச் செய்தியைக் கொண்டுவருவது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன். தாத்தா தூள் இல்லாமலே பதியம் போட்டதில் வியப்பில்லை, ஏனென்றால் தூளில் இருக்கும் பொருளின் உறவுக்காரப் பொருளைக் கிளை தானே தயாரித்துக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டையை உரித்ததன் மூலம் அவர் அதற்கு அணை கட்டினார்.

இந்தப் பொருள் இருக்கிறது என்று மனிதர்கள் கண்டுகொண்ட விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அந்தச் சோதனைகளுக்குள்ளேயே இருக்கிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட ஆய்வில், புல் வகை ஒன்றின் முளைக்குருத்து வெளிச்சத்தை நோக்கி வளைவதைக் கவனித்தார்கள். நுனிக்கு மட்டும் ஒளி புகாத தொப்பி போட்டால் குருத்து வளையவில்லை. நுனியைத் திறந்துவைத்துக் கீழ்ப்பகுதியை மறைத்தால் வளைந்தது. ஒளியை உணர்வது நுனி, வளைவதோ அதற்குக் கீழேயுள்ள பகுதி. எனவே மேலிருந்து கீழே ஏதோ ஒன்று செல்ல வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த பாய்சன்-யென்சன் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் துண்டை வைத்து மீண்டும் பொருத்தியபோது அந்த ஏதோ ஒன்று ஜெலட்டினைக் கடந்து சென்றது. ஹங்கேரியின் பால் 1919-இல், வெட்டிய நுனியை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தாலே, இருட்டிலும் குருத்து எதிர்ப்பக்கம் வளைவதைக் காட்டினார். 1920-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் குருத்தின் நுனிகளை அகார் என்னும் கூழ்மக் கட்டியின்மீது சில மணி நேரம் நிறுத்திவைத்தார். பிறகு நுனியைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் அகார் துண்டை வெட்டுப்பட்ட குருத்தின் ஓரத்தில் வைத்தார். குருத்து வளைந்தது. எவ்வளவு வளைகிறது என்று கோணத்தை அளந்தே எவ்வளவு பொருள் இருக்கிறது என்று கணக்கிடவும் அவரால் முடிந்தது. வளர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்சின் என்ற பெயர் வந்தது.

இப்போது உங்கள் விளிம்புகளுக்கு வருகிறேன். ஆக்சின் தண்டில் இரு திசையிலும் ஒரே மாதிரி பரவுவதில்லை. நுனியிலிருந்து அடி நோக்கி மட்டுமே, மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில், செல் விட்டுச் செல்லாகக் கைமாறிச் செல்கிறது. ‘அடி’ என்று நான் சொல்வது தரையை நோக்கிய பக்கத்தை அன்று. அந்தத் தண்டு முளைத்தபோது எது அடியாக இருந்ததோ அதை. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபோஹ்டிங் 1878-ஆம் ஆண்டிலேயே வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். மேலே இருந்தாலும் குச்சியின் பழைய அடியில்தான் வேர் வந்தது, கீழே இருந்தாலும் பழைய நுனியில்தான் தளிர் வந்தது. முருங்கைப் போத்தை எந்தப் பக்கம் நட வேண்டும் என்று நம் பெரியவர்கள் குறி வைத்து வெட்டுவது இதனால்தான்.

ஆகவே மேல் விளிம்பு என்பது ஆக்சின் வந்து நிற்கும் இடம். கீழ் விளிம்பு என்பது ஆக்சின் கிளம்பிப் போகும் இடம். நீங்கள் அங்கே பூசிய தூளும் மரத்தின் அடியை நோக்கி நழுவியிருக்கும்; சர்க்கரையும் அங்கே வரவில்லை.

கொய்யாத்தோப்பு:

மிக்க நன்றி ஐயா. தூள் நழுவியிருக்கும் என்ற கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அடுத்து இரண்டு ஐயங்கள். கிளை இதை எதிலிருந்து, எங்கே தயாரிக்கிறது? அது ஏன் ஒரு திசையில் மட்டும் போகிறது? தண்ணீரில் கரைந்த ஒரு பொருளுக்குத் திசை எப்படித் தெரியும்?

ஆய்வகமேசை:

நான் தாவர மூலக்கூறு உயிரியலில் ஆய்வு மாணவி. ஆசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

செடிகளில் முதன்மையான ஆக்சின் இண்டோல் அசெட்டிக் அமிலம், சுருக்கமாக ஐஏஏ. மிகச் சிறிய மூலக்கூறு. ஓர் அறுகோண வளையமும் ஓர் ஐங்கோண வளையமும் ஒட்டிய இண்டோல், அதிலிருந்து நீண்ட குட்டையான ஓர் அமில வால், அவ்வளவுதான். இதே இண்டோல் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலும் இருக்கிறது. பருப்பிலும் பாலிலும் நாம் உண்ணும் அதே டிரிப்டோஃபேன்தான். செடி அதைத் தன் பசுங்கணிகங்களுக்குள் சொந்தமாகச் செய்துகொள்கிறது. பிறகு ஆக்சின் ஆவதற்கு இரண்டே படிகள். முதல் படியில் டிஏஏ1 என்னும் நொதியும் அதன் உறவு நொதிகளும் டிரிப்டோஃபேனின் அமினோ தொகுதியைக் கழற்றி இண்டோல் பைருவிக் அமிலமாக்குகின்றன. இரண்டாம் படியில் யுக்கா என்று பெயரிடப்பட்ட நொதிகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி, கரியமில வாயுவை வெளியேற்றி, ஐஏஏவை உண்டாக்குகின்றன. முதல் படியில் பின்னோக்கியும் போகலாம். இரண்டாம் படியில் திரும்பி வர வழியில்லை. எனவே செடி எங்கே எப்போது ஆக்சின் செய்ய வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் யுக்கா மரபணுக்களை இயக்குவதில்தான் அடங்கியிருக்கிறது. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடோப்சிஸில் அத்தகைய மரபணுக்கள் 11 இருக்கின்றன.

இது இவ்வளவு எளிமையாகச் சொல்லக்கூடியதாக ஆனது அண்மையில்தான் என்பதைக் குறிப்பிட வேண்டும். யுக்கா 2001-இலும் டிஏஏ1 2008-இலும் கண்டறியப்பட்டன. இரண்டும் வெவ்வேறு பாதைகள் என்றே பலர் வரைந்து வந்தார்கள். இரண்டும் ஒரே பாதையின் அடுத்தடுத்த படிகள் என்பது 2011-இல் தெளிவானது. பழைய பாடநூல்களில் நான்கைந்து பாதைகள் அம்புக்குறிகளோடு பின்னிப் பிணைந்த படத்தைப் பார்த்தவர்கள் குழம்ப வேண்டாம். அவற்றுள் ஒன்று, இண்டோல் அசெட்டமைடு வழியாகச் செல்லும் பாதை, அக்ரோபாக்டீரியத்திற்கு உரியது. அந்தப் பாக்டீரியம் அதற்கான இரண்டு மரபணுக்களைச் செடியின் செல்லுக்குள்ளேயே செருகிவிடுகிறது. கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் செடி ஆக்சின் செய்துகொண்டே போக, தண்டின் அடியில் கழலை வீங்குகிறது.

தயாரிக்கும் இடங்கள் என்று பார்த்தால் இளந்தளிர்களும் தண்டு நுனியும் வளரும் விதைகளும் முதன்மையானவை. வேர் நுனியும் தனக்கு வேண்டியதில் ஒரு பங்கைத் தானே செய்துகொள்கிறது. விதையின் பங்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ட்ராபெர்ரியைச் சொல்லலாம். அதன் சதைமீது பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பவைதான் உண்மையான கனிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. நிட்ச் என்பவர் 1950-இல் அவற்றை ஊசிமுனையால் எடுத்துவிட்டபோது சதை வளரவில்லை. ஓரிரண்டை மட்டும் விட்டுவைத்தபோது அவற்றைச் சுற்றி மட்டும் சதை புடைத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆக்சின் பசையைத் தடவியபோது வளர்ந்தது.

இனி திசை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று வருகிறது. ஐஏஏ ஒரு மென்மையான அமிலம். செல்லுக்கு வெளியே, செல்சுவர்ப் பகுதியில், பிஎச் சுமார் 5.5. அந்த அமிலத்தன்மையில் ஐஏஏ மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். மின்னூட்டம் இல்லாததால் செல்சவ்வைத் தானே ஊடுருவி உள்ளே வந்துவிடும். மற்றவற்றை ஆக்ஸ்1 போன்ற புரதங்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. செல்லுக்குள் பிஎச் சுமார் 7. உள்ளே வந்தவுடன் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெற்றுவிடும்; மின்னூட்டமற்றவை இருநூறில் ஒன்று என்ற அளவில்தான் எஞ்சும். மின்னூட்டம் உள்ளதால் சவ்வைத் தாண்ட முடியாது. எலிப்பொறிக்குள் புகுந்த எலியின் நிலைதான். வெளியேற வேண்டுமானால் யாராவது கதவைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கதவுகள் ‘பின்’ (PIN) என்று பெயரிடப்பட்ட புரதங்கள். தண்டின் செல்களில் அவை செல்லின் அடிப்பக்கச் சவ்வில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கின்றன. எந்தப் பக்கமும் உள்ளே வரலாம், அடிப்பக்கம் மட்டுமே வெளியே போகலாம். அடுத்த செல்லிலும் அப்படியே. மூலக்கூறுக்குத் திசை தெரியாது, கதவு இருக்கும் பக்கம்தான் திசை. இந்தக் கருத்தை ரூபரியும் ஷெல்ட்ரேக்கும் 1974-இலும் ரேவன் 1975-இலும் கணக்கிட்டுச் சொன்னபோது கதவை யாரும் பார்த்திருக்கவில்லை. பூந்தண்டில் பூவே இல்லாமல் குண்டூசிபோல் மொட்டையாக நின்ற ஒரு பிறழ்வுச் செடியிலிருந்து அந்தக் கதவுக்கான மரபணு பின்னர் கிடைத்தது. ‘பின்’ என்ற பெயரும் அந்தக் குண்டூசியால் வந்ததுதான்.

மண்வாசம்:

ஒரு செய்தி படித்தேன். ஆக்சினை முதன்முதலில் பிரித்தெடுத்தது சிறுநீரிலிருந்து என்கிறார்கள். அப்படியானால் பஞ்சகவ்யத்தில் கோமியம் சேர்ப்பதற்கும் தேமோர்க் கரைசலில் தேங்காய் சேர்ப்பதற்கும் அறிவியல் அடிப்படை உறுதியாகிவிட்டது அல்லவா? நம் முன்னோர் ஆக்சினை அறிந்திருந்தார்கள் என்று சொல்வதில் என்ன தவறு?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

முதல் பகுதி உண்மை. கோகலும் ஹாகன்-ஸ்மித்தும் எர்க்ஸ்லேபனும் உட்ரெக்டில் 1934-இல் மனிதச் சிறுநீரிலிருந்து ஐஏஏவைப் பிரித்தார்கள். அதற்கு முன்பு அவர்களே ‘ஆக்சின் ஏ’, ‘ஆக்சின் பி’ என்று இரண்டு பொருள்களை அறிவித்திருந்ததால், ஐஏஏவுக்கு ‘வேற்று ஆக்சின்’ என்னும் பொருள்படும் பெயரைக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏ, பி இரண்டையும் வேறு எவராலும் மீண்டும் எடுக்க முடியவில்லை. 1966-இல் எஞ்சியிருந்த மாதிரிகளைச் சோதித்தபோது அவை வேறு பொருள்கள் என்று தெரிந்தது. ஓரங்கட்டப்பட்ட வேற்று ஆக்சினே உண்மையான ஆக்சினாக நிலைத்தது. செடிகளிலும் ஐஏஏ இருக்கிறது என்பது உடனே உறுதியாகிவிடவில்லை. முற்றாத மக்காச்சோள மணிகளிலிருந்து அது பிரிக்கப்பட்டது 1946-இல்.

சிறுநீரில் அது ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். உணவில் வரும் டிரிப்டோஃபேனைக் குடல் நுண்ணுயிர்களும் உடலும் சிதைக்கும்போது உண்டாகும் கழிவுகளுள் அதுவும் ஒன்று. கோமியத்தில் ஐஏஏ இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐஏஏ வெயிலில் சிதையும். நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். ஒரு கரைசலில் ஒரு பொருள் இருக்கிறது என்பதும், அது வயலில் பயன்படும் அளவில், பயன்படும் நேரத்தில், சிதையாமல் செடிக்குள் போகிறது என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். முன்னோர் பயனைக் கண்டார்கள் என்றால் அந்தப் பெருமை போதும். அவர்கள் காணாத மூலக்கூறை அவர்கள் பெயரில் எழுத வேண்டியதில்லை.

ஆய்வகமேசை:

மண்வாசம் அண்ணா, உங்கள் கேள்வியில் ஒரு நல்ல இழையும் இருக்கிறது. இளநீரில் ஐஏஏவும், செல் பிரிவைத் தூண்டும் ஹார்மோன்களான சைட்டோகைனின்களும் இருக்கின்றன. 1941-இல் வான் ஓவர்பீக் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்தபிறகு திசு வளர்ப்பு ஆய்வகங்களில் அது நிலையான சேர்மானமாகவே ஆனது. அசோஸ்பைரில்லம் பாக்டீரியமும் இண்டோல் பைருவிக் அமிலத்தின் வழியாக ஐஏஏ செய்கிறது. அது வேரை ஒட்டியே உயிரோடு இருந்து சிறிது சிறிதாகத் தருவதால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. சிதைந்துவிடும் ஒரு பொருளைப் புட்டியில் அடைத்துத் தருவதைவிட அதைச் செய்யும் உயிரை வேருக்குப் பக்கத்தில் குடிவைப்பது மேல் என்று நீங்கள் வாதிட்டிருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

கரிசல்காடு:

ஆக்சினைப் பற்றிப் பேசும் இடத்தில் என் பருத்தியின் கதையையும் பதிவு செய்கிறேன். மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளுக்காக 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தோம். தெளிப்பானை இருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மறுநாள் அதே டேங்கில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தோம். ஒரு வாரத்தில் பருத்தியின் புதுத் தளிர்கள் வெண்டை இலையைப்போல் விரல் விரலாகக் குறுகி, நரம்புகள் நெருக்கமாக ஒன்றுசேர்ந்து, இலைக்காம்பு முறுக்கிக்கொண்டு வந்தன. நோய் என்று நினைத்து இரண்டு மருந்துகள் அடித்துப் பணத்தை விட்டோம். வந்து பார்த்த ஒருவர் இலையைக் கையில் எடுத்த உடனே, ‘டேங்கில் முன்பு என்ன இருந்தது?’ என்றுதான் கேட்டார். 2,4-டி ஒரு செயற்கை ஆக்சின் என்று அப்போதுதான் தெரிந்தது. செடி தனக்காகச் செய்துகொள்ளும் வளர்ச்சி ஊக்கியைப் போன்ற பொருள் எப்படிக் களைக்கொல்லி ஆகிறது? அதே செடிகளுக்குப் பூ உதிராமல் இருக்க என்ஏஏ (நாப்தலீன் அசெட்டிக் அமிலம்) அடிக்கச் சொல்கிறார்கள், அதுவும் ஆக்சின்தானே? நான் டேங்குக்கு ஒரு மூடி என்று ஊற்றி வருகிறேன்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

‘ஒரு மூடி’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள் தம்பி. கடைகளில் பிளானோஃபிக்ஸ் போன்ற பெயர்களில் கிடைக்கும் என்ஏஏ 4.5 விழுக்காட்டுக் கரைசல். ஒரு மில்லியில் சுமார் 45 மில்லிகிராம். 20 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம், 10 லிட்டர் டேங்குக்கு 200 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ நாலரை மில்லி. மூடியின் கொள்ளளவு அதைவிடக் கூடினால் நீங்கள் எத்தனை மடங்கு அடிக்கிறீர்கள் என்று நீங்களே கணக்கிடலாம். ஊசி போடும் சிரிஞ்சு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆப்பிள் தோட்டமே சான்று. பூவும் காயும் உதிராமல் நிறுத்தப் பயன்படும் அதே என்ஏஏவை, ஆப்பிளில் பூத்து முடிந்த சில வாரங்களில், மிகையாகப் பிடித்த பிஞ்சுகளை உதிர்ப்பதற்கே தெளிக்கிறார்கள். காம்பின் உதிர்வு மண்டலத்தைக் கடந்து ஆக்சின் சீராக வந்துகொண்டிருக்கும்வரை அந்தச் செல்கள் உதிர்வைத் தூண்டும் எத்திலீன் என்னும் ஹார்மோனுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆக்சின் மிகையானால் அதுவே எத்திலீன் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. அன்னாசியை ஒரே சீராகப் பூக்கவைக்க என்ஏஏ பயன்படுவதும் இந்த எத்திலீன் வழியாகத்தான்.

ஆய்வகமேசை:

களைக்கொல்லி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஐஏஏவின் அளவைச் செடி ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருக்கிறது. மிகுதியானதை அஸ்பார்ட்டிக் அமிலத்தோடோ குளுட்டமிக் அமிலத்தோடோ பிணைத்து முடக்குகிறது, ஆக்சிஜனேற்றி அழிக்கிறது, சர்க்கரையோடு சேர்த்து ஒதுக்கிவைக்கிறது. 2,4-டியை அகன்ற இலைச் செடிகளால் அப்படி விரைவாக முடக்க முடிவதில்லை. ‘வளர், வளர்’ என்ற கட்டளை நிறுத்தப்படாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. தண்டு முறுக்கிக்கொள்கிறது, எத்திலீன் பொங்குகிறது, கடத்தும் திசுக்கள் சிதைகின்றன. புல்வகைச் செடிகள் அதைச் சிதைப்பதில் விரைவானவை; அவற்றின் உடலமைப்பில் அது பரவுவதும் குறைவு. பருத்தி இதில் மிக மென்மையான பயிர், டேங்கின் குழாயில் ஒட்டியிருந்த மிச்சமே போதும். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதைத் தவிர உறுதியான வழி இல்லை.

அந்தக் கட்டளையைச் செல் எப்படிப் படிக்கிறது என்பது 2005-இல் தான் தெரிந்தது. ஹார்மோன் வந்து ஒரு சுவிட்சை அழுத்தும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஆக்சினுக்கு மறுமொழி தரும் மரபணுக்கள் எப்போதும் இயங்க ஆயத்தமாக இருக்கின்றன. ஆக்ஸ்-ஐஏஏ என்ற தடுப்புப் புரதங்கள் அவற்றின்மீது உட்கார்ந்து வாயை மூடிவைத்திருக்கின்றன. டிஐஆர்1 என்பது அழிக்க வேண்டிய புரதங்களைப் பிடிக்கும் கருவியின் ஒரு பகுதி. அதற்கும் தடுப்புப் புரதத்துக்கும் இடையே ஒரு குழி. ஆக்சின் மூலக்கூறு அந்தக் குழியில் போய் அமர்ந்ததும் இரண்டும் பசை வைத்ததுபோல் ஒட்டிக்கொள்கின்றன. தடுப்புப் புரதத்துக்கு யுபிக்விட்டின் என்னும் அழிவுச் சீட்டு ஒட்டப்படுகிறது, சற்று நேரத்தில் அது துண்டு துண்டாகிவிடுகிறது. 2007-இல் வெளியான படிக அமைப்பில் ஆக்சின் அந்தக் குழியில் அமர்ந்திருப்பதை அப்படியே காண முடிகிறது. 2,4-டியும் என்ஏஏவும் அதே குழியில் பொருந்துகின்றன. அரபிடோப்சிஸில் இந்தத் தடுப்புப் புரதங்கள் 29 வகை, அவை அடக்கிவைக்கும், மரபணுக்களை இயக்கும் ஏஆர்எஃப் புரதங்கள் 23 வகை. எந்தச் செல்லில் எந்த இணை இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் வேரையும் ஓரிடத்தில் இலையையும் தொடங்கிவைக்கிறது.

தண்டு நீள்வது வேறு வேகத்தில் நடக்கிறது. ஆக்சின் கிடைத்த பத்து நிமிட அளவில் செல், புரோட்டான்களைச் சுவருக்குள் தள்ளத் தொடங்குகிறது. சுவர் அமிலமாகும்போது எக்ஸ்பான்சின் புரதங்கள் இழைகளைத் தளர்த்துகின்றன. உள்ளிருக்கும் நீரழுத்தம் செல்லை விரிக்கிறது. வேரிலோ நேர்மாறு. அங்கே ஆக்சின் சுவரின் அமிலத்தைக் குறைத்து ஒரு நிமிடத்திற்குள்ளேயே நீட்சியை நிறுத்துகிறது. தொட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்தால், கீழ்ப்பக்கம் ஆக்சின் கூடித் தண்டு மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் வளைவதற்கு இந்த எதிர்மாறான மறுமொழிதான் காரணம்.

வயல்வரப்பு:

நான் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதை மரியாதையோடு சொல்கிறேன். துவரையில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கிறது. நுனியிலிருந்து வரும் ஆக்சின் பக்க மொட்டை அடக்குகிறது என்று என் மகனின் பாடநூலில் இருக்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் ஆக்சின் போகுமென்றால், நுனியைக் கிள்ளியது அடியில் இருக்கும் மொட்டுக்குத் தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆக வேண்டாமா?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

மிகக் கூர்மையான கேள்வி ஐயா. நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்ன விடை இதில் தோற்றுவிட்டது. திமானும் ஸ்கூகும் 1930-களில், வெட்டிய நுனியின் இடத்தில் ஆக்சின் வைத்தால் பக்க மொட்டுகள் அடங்கியே இருப்பதைக் காட்டினார்கள். அது இன்றும் உண்மை. ஆனால் பட்டாணியில் 2014-இல் வெளியான ஆய்வு நீங்கள் போட்ட இதே கணக்கைத்தான் போட்டது. ஆக்சின் குறைந்த செய்தி வந்து சேரும் முன்பே தொலைவிலுள்ள மொட்டு விழித்துக்கொள்கிறது. முதலில் விரைந்து வருவது சர்க்கரை. நுனி தின்றுகொண்டிருந்த பங்கு திடீரென்று மொட்டுகளுக்குக் கிடைக்கிறது. விழித்த மொட்டு தொடர்ந்து கிளையாவதில்தான் ஆக்சினும், கிளைப்பதை அடக்கும் ஹார்மோனான ஸ்ட்ரிகோலாக்டோனும், சைட்டோகைனினும் தலையிடுகின்றன. இந்த ஒன்றில் உங்கள் உணவுக் கொள்கைக்கு வெற்றி.

கொய்யாத்தோப்பு:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தூள் எதுவும் இல்லாமல் ஆறு கிளைகளில் பதியம் போட்டு, மூன்றில் வளையத்துக்கு மேலுள்ள இலைகளையும் குருத்துகளையும் முழுவதும் கிள்ளிவிட்டேன். தளிர் வரும்போதெல்லாம் அதையும் கிள்ளினேன். இன்று பிரித்துப் பார்த்தேன். இலை இருந்த மூன்றிலும் மேல் விளிம்பில் வேர் இருக்கிறது. விளிம்பு முதலில் கடுகளவு வெள்ளை முடிச்சுகளாகப் புடைத்து, முடிச்சிலிருந்து வேர் கீறிக்கொண்டு வந்திருப்பது நன்றாகத் தெரிகிறது. இலை கிள்ளிய மூன்றில் இரண்டு காய்ந்துவிட்டன, ஒன்றில் விளிம்பு சற்றுத் தடித்திருக்கிறது, வேர் இல்லை. ஆக்சின்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வயல்வரப்பு:

எடுத்துக்கொள்ள முடியாது தம்பி. இலையைக் கிள்ளியபோது ஆக்சினோடு சர்க்கரையும் நின்றுவிட்டதே! இரண்டில் எது இல்லாததால் வேர் வரவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆய்வகமேசை:

வயல்வரப்பு ஐயா சொல்வது சரி. எங்கள் ஆய்வகக் கூட்டத்திலும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். இலையை விட்டுவைத்துக் குருத்தையும் இளந்தளிரையும் மட்டும் கிள்ளிய கிளைகளின் தொகுதி ஒன்று வேண்டும். முற்றிய இலைகள் சர்க்கரை தரும், ஆக்சின் வரவு பெரிதும் குறையும். அந்தத் தொகுதியில் ஒரு பாதிக் கிளைகளுக்கு, அவற்றின் மேல் விளிம்பில், ஐபிஏ (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்) தூள் பூசுங்கள், மறுபாதிக்கு வெறும் முகப்பவுடர். ஐபிஏ ஐஏஏவைவிட ஒளியில் நிலையானது, செல்லுக்குள் போய் மெல்ல ஐஏஏவாக மாறுவது, ஆகவே இந்த வேலைக்கு ஏற்றது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று போதாது, பத்துக் கிளையாவது வையுங்கள்.

கொய்யாத்தோப்பு:

அடுத்த மழைக்கு வைக்கிறேன். எது தூள், எது பவுடர் என்று எனக்கே தெரியாதபடி என் மனைவி பூசிவிட்டு, சிவப்பு நாடாவும் நீல நாடாவும் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்க்கும் அன்று வயல்வரப்பு ஐயா நேரில் வந்து வேரை எண்ணித் தர முடியுமா?

வயல்வரப்பு:

வருகிறேன். கொய்யா கொடுத்தால் போதும்.